மூக்கும் முழியும் கியூ 30.1உம்

பிள்ளை பார்க்கப் போய் வந்தவரிடம் எங்கள் தீவுப்பக்கத்தில் இரண்டு கேள்விதான் கேட்பார்கள். ஆணா பெண்ணா? ஆரைப் போல? மூன்றாவது கேள்விக்கு இடமில்லை, போய் வந்தவரே சொல்லிவிடுவார்: "மூக்கும் முழியுமாய் நல்ல வடிவான பிள்ளை." நெடுந்தீவு, நயினாதீவு, ஊர்காவற்றுறை, எங்கே கேட்டாலும் இதே சொல்தான். பிறந்த முகம் ஒன்றை மதிப்பிட நம்மவர்கள் மூக்கையும் கண்ணையும் ஒரே மூச்சில் சேர்த்துச் சொன்னது தற்செயலாக இருக்கலாம். ஆனால் அந்த இரண்டையும் சேர்த்தே பாதிக்கும் பிறவிக் குறைபாடு ஒன்று உண்மையிலேயே உண்டு. அதன் காரணம் 2017இல்தான் தெரியவந்தது. ஆஸ்பத்திரிக் கணக்கில் அந்தப் பிள்ளையின் மூக்குக்கு இருக்கும் பெயர் ஓர் எழுத்தும் மூன்று இலக்கங்களும்: கியூ 30.1.

ஆஸ்பத்திரியில் படுத்தெழும்பிய எவருக்கும் 'ரிக்கற்' தெரியும். கட்டிலோடு வரும் அந்தத் தாள்கட்டில் டொக்டர் எழுதுவார், நேர்ஸ் எழுதுவார், பரிசோதனைத் துண்டுகள் குண்டூசியில் தொங்கும். துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பிய பிறகு ரிக்கற் பதிவேட்டு அறைக்குப் போகிறது. அங்கே இருப்பவர் நோயாளியைக் கண்டதில்லை. எழுதியிருப்பதை வாசித்து, உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டு நூலில் அதற்குரிய குறியீட்டைத் தேடிப் போடுவதுதான் அவர் வேலை. இலங்கையில் 1990களின் நடுப்பகுதியிலிருந்து இதற்கு அந்த வகைப்பாட்டின் பத்தாவது திருத்தம் பயன்படுகிறது. அரச ஆஸ்பத்திரிகள் காலாண்டுக்கு ஒரு தடவை கொழும்பிலுள்ள மருத்துவப் புள்ளிவிபரப் பிரிவுக்கு அனுப்பும் கணக்கு இந்தக் குறியீடுகளில் இருந்துதான் பிறக்கிறது.

இந்த வகைப்பாட்டின் மூதாதை 1893இல் பிரெஞ்சுப் புள்ளியியலாளர் ஜாக் பெர்ட்டியோன் தயாரித்த மரணக் காரணப் பட்டியல். செத்தவர்களை எண்ணத் தொடங்கிய பட்டியல், 1948இல் ஆறாவது திருத்தத்தில்தான் நோயோடு உயிர்வாழ்பவர்களையும் சேர்த்துக்கொண்டது. பத்தாவது திருத்தம் 1990இல் ஏற்கப்பட்டது. கொரோனாக் காலத்தில் யூ 07.1 என்று செய்திகளில் அடிபட்டதே, அதுவும் இந்த நூலின் குறியீடுதான்.

கியூ என்ற எழுத்து பிறவிக் குறைபாடுகளுக்கென ஒதுக்கிய பதினேழாம் அத்தியாயத்தைக் குறிக்கிறது. கியூ 30 என்றால் மூக்கு. புள்ளிக்குப் பின்னே வரும் இலக்கம் மூக்கில் என்ன என்று சொல்கிறது. பூச்சியம் என்றால் மூக்கின் பின்வாசல் அடைப்பு. ஒன்று என்றால் மூக்கு உருவாகவில்லை, அல்லது குறையாக வளர்ந்திருக்கிறது. இரண்டு பிளந்த மூக்கு. ஒன்பது, 'ஏதோ பிறவிக் குறை, விபரம் இல்லை'. இந்த ஒன்பதைக் கொஞ்சம் நினைவில் வைத்திருங்கள்.

பெயரைப் பார்த்து ஏமாறக்கூடிய இடங்களும் இருக்கின்றன. மணத்தை உணரும் மூளைப்பகுதி உருவாகாத ஒரு நிலைக்குக் கிரேக்கத்தில் வைத்த பெயரின் முன்பாதிக்கு 'மூக்கில்லாத' என்றுதான் பொருள். ஆனால் அது மூளைக் குறைபாடு, கியூ 04.1. கருப்பையில் அமுங்கி வளைந்த மூக்கு கியூ 67.4. அங்கே மூக்கு முழுசாக உருவாகியிருக்கிறது, வடிவம்தான் கோணியிருக்கிறது. பிறந்த பிறகு நோயாலோ காயத்தாலோ உருக்குலைந்த மூக்கு கியூ பக்கமே வராது. அது எம் 95.0. தொழுநோய் தின்ற மூக்கென்றால் தொழுநோயின் பின்விளைவு என்று பி 92 கேட்கும். கண்ணாடியில் எல்லாம் ஒரே மாதிரித் தெரியலாம். குறியீடு போடுபவர் கேட்பது 'எப்படி இருக்கிறது' என்பதைவிட 'எப்போது, எதனால்' என்பதை.

எப்போது என்பதற்கான விடை கருவின் நான்காம் கிழமையில் தொடங்குகிறது. தாய்க்குத் தான் கர்ப்பம் என்று சரியாகத் தெரிய வராத நேரம் அது. கருவின் முன்தலையில், இடமும் வலமுமாக, தோலின் இரண்டு சிறு வட்டங்கள் தடிக்கின்றன. சுற்றியுள்ள திசு மேடாக எழ, வட்டங்கள் குழிகளாகின்றன. அந்தக் குழிகள்தான் பின்னாளில் மூக்குத் துவாரங்கள். மேடுகள் நடுவே நெருங்கி ஒன்றாகி மூக்கின் தண்டும் மேலுதட்டின் நடுப்பகுதியும் ஆகின்றன. குழி உள்நோக்கி ஆழமாகி, ஏழாம் கிழமையளவில் வாயறையோடு பிரித்துநிற்கும் மெல்லிய சவ்வு கிழிய, காற்றுக்கு வழி பிறக்கிறது. எட்டாம் கிழமை முடியுமுன் முகத்தின் வரைபடம் தயார். இந்த நாலு கிழமைக்குள் நடக்கவேண்டிய ஒன்று நடக்காமல் போனால் அதன் விளைவுதான் கியூ 30இன் கீழ் வருபவற்றில் பெரும்பாலானவை.

அந்த இரண்டு வட்டங்களுக்கு இன்னொரு வேலையும் உண்டு. பருவமடைதலைத் தொடக்கிவைக்கும் ஹோர்மோனைச் சுரக்கும் நரம்புக்கலங்கள் மூளையில் பிறப்பதில்லை; மூக்கு உருவாகும் அந்த இடத்தில் பிறந்து, மணநரம்பின் வழியே ஊர்ந்து மூளைக்குள் போய்ச் சேருகின்றன. ஆகவே மூக்கே உருவாகாத பிள்ளைக்குப் பதின்மூன்று, பதினாலு வயதில் பருவமாற்றம் தானாக வராமல் போகலாம். குரல் உடையாத பையனுக்கும் சமையாத பெண்பிள்ளைக்கும் காரணம் மூக்கில் இருக்கிறது என்று வீட்டில் எவர் நினைப்பார்?

1981இல் ஜேம்ஸ் பொஸ்மா என்ற அமெரிக்க மருத்துவரும் சகாக்களும் இப்படி இரண்டு ஆண்களைப் பற்றி எழுதினார்கள். மூக்கும் கண்ணும் மிகக் குறைவாக வளர்ந்திருந்தன, மணமும் சுவையும் குறைவு, பருவமாற்றம் வரவில்லை. நம் கிழவிமார் சொன்ன மூக்கும் முழியும் ஒரே நோயாளியில் சேர்ந்து நின்றன. முப்பத்தாறு ஆண்டுகள் கழித்து, 2017இல், இரண்டு ஆய்வுக்குழுக்கள் ஒரே சமயத்தில் காரணத்தை வெளியிட்டன. அவற்றில் ஒன்றை வழிநடத்தியவர் சிங்கப்பூரில் பணியாற்றிய புரூனோ ரெவர்சாட். பதினெட்டாவது குரோமோசோமில் உள்ள, பிற மரபணுக்களை அடக்கிவைக்கும் ஒரு மரபணுவில் மாற்றம். அதே மரபணு வேறு விதமாகப் பழுதானால் முகத்தசையும் தோள்தசையும் மெல்ல மெல்ல நலியும் ஒரு தசைநோய் வருகிறது என்பது அதற்கு முன்பே தெரிந்திருந்தது. ஒரு மரபணு, ஒன்றோடொன்று ஒட்டாத இரண்டு நோய்கள். பல பிள்ளைகளில் இந்த மாற்றம் பெற்றோரிடமிருந்து வராமல் புதிதாகவே தோன்றியிருந்தது. கிரகணத்தன்று தாய் வெளியில் வந்தாள், கத்தியைத் தொட்டாள் என்று மருமகளில் பழி போடும் மாமிமாருக்கு இதை அழுத்திச் சொல்லவேண்டும்.

மூக்கு முற்றாக இல்லாமல் பிறந்ததாக உலக மருத்துவ இலக்கியம் முழுவதிலும் பதிவான பிள்ளைகள் நூறு பேரளவில்தான். இதை வைத்துப் பார்த்தால் எங்கள் தீவுகளில் இப்படி ஒரு பிள்ளையை எவரும் காணாமலே பல தலைமுறை கழியும். ஆனால் பக்கத்து எண்ணான கியூ 30.0, அதாவது பின்வாசல் அடைப்பு, அவ்வளவு அரிதில்லை. ஐயாயிரம் முதல் எட்டாயிரம் பிறப்புக்கு ஒன்று என்பது வழமையான மதிப்பீடு. மூக்கு வெளியே அழகாக இருக்கும். மூக்கும் முழியுமாய் என்று சொல்லவே செய்வார்கள். உள்ளே, மூக்கு தொண்டையைச் சந்திக்கும் இடத்தில், எலும்போ சவ்வோ வாசலை மூடியிருக்கும்.

பிறந்த பிள்ளைக்கு மூக்காலேதான் மூச்சுவிடத் தெரியும். அதன் குரல்வளை மேலே உயர்ந்து அண்ணத்துக்குக் கிட்ட நிற்பதால் பால் குடித்துக்கொண்டே மூச்சு விட முடிகிறது. பெரியவர்களான எங்களால் முடியாத வித்தை. அதற்கு விலை, மூக்கு அடைபட்டால் வாயால் மூச்சு விடவேண்டும் என்று பிள்ளைக்கு உடனே தோன்றாது. இரண்டு பக்கமும் அடைபட்ட பிள்ளையைப் பார்த்தால் அறிகுறி தலைகீழாக இருக்கும்: சத்தமில்லாமல் கிடக்கும்போது நீலம் பாய்கிறது, வீரிட்டு அழும்போது வாய் திறந்து காற்று போக, சிவக்கிறது. அழுகை அடங்கினால் மறுபடியும் நீலம். முலையில் வாய் வைத்ததும் திணறல். பிள்ளை அழாமல் கிடந்தால் நிம்மதி என்று நினைக்கும் வீட்டில் இந்த அறிகுறி எதிர்ப்பக்கமாக வேலை செய்கிறது. பிறந்த அறையிலேயே மெல்லிய ரப்பர் குழாய் ஒன்றை இரண்டு துவாரத்துக்குள்ளும் விட்டுப் பார்த்தால் சில விநாடியில் தெரிந்துவிடும். குழாய் மூன்று சென்ரிமீற்றரளவில் முட்டி நின்றுவிடும். வாய்க்குள் காற்றுக்குழல் வைத்தோ, நுனியில் பெரிய துளையிட்ட சூப்பியை வாயில் வைத்து நாடாவால் கட்டியோ வாயைத் திறந்தபடி வைத்திருப்பதுதான் முதல் உதவி. அறுவை பிறகு.

மூக்கே இல்லாத பிள்ளைக்கும் தொடக்கத்தில் இதே பாடுதான். சிலருக்குக் கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைக்கவேண்டும். சிலர் சில கிழமைக்குள் வாயால் மூச்சு விடவும் விட்டு விட்டுக் குடிக்கவும் தாங்களே பழகிவிடுகிறார்கள். பெரும்பாலான பிள்ளைகளின் அறிவு வளர்ச்சியில் குறையில்லை. பேச்சு மட்டும் தடிமன் பிடித்தவர் பேசுவது போலிருக்கும்.

இனி நெடுந்தீவை நினைத்துப் பாருங்கள். குறிகட்டுவான் துறையிலிருந்து லோஞ்சில் ஒரு மணித்தியாலம், கடல் அமைதியாக இருந்தால். குறிகட்டுவானிலிருந்து யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குத் தரைவழியே இன்னொரு மணித்தியாலம் வரும். இரவில் அவசரமென்றால் கடற்படைப் படகு. அதனால்தான் தீவுப் பிள்ளைத்தாச்சிகள் நாள் கிட்டுமுன்னமே கரைக்கு வந்து சொந்தக்காரர் வீட்டில் தங்குவார்கள். அது நல்ல பழக்கம், கைவிடக்கூடாத பழக்கம்.

ஒரு சின்னக் கணக்கு. நெடுந்தீவில் நாலாயிரம் பேரளவில் இருக்கிறார்கள். ஆண்டுக்கு அறுபது பிள்ளை பிறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஏழாயிரத்துக்கு ஒன்று என்ற வீதத்தில், பின்வாசல் அடைபட்ட ஒரு பிள்ளையை நெடுந்தீவு நூறு ஆண்டுக்கு மேல் காத்திருந்துதான் காணும். சுற்றியுள்ள தீவுகளையும் சேர்த்து முப்பதாயிரம் பேர் என்றால் பதினைந்து ஆண்டில் ஒன்று. இலங்கை முழுவதற்கும் பார்த்தால் ஒவ்வோர் ஆண்டும் முப்பது, நாற்பது. தீவு ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் ஒருவர் தன் சேவைக்காலம் முழுக்க ஒன்றையும் காணாமல் ஓய்வு பெறலாம். அவருடைய அனுபவத்தில் இல்லாத நோய், நாட்டின் கணக்கில் ஆண்டுக்கு ஒரு வாட் நிறையும் நோய். இந்த இடைவெளியை நிரப்பத்தான் குறியீடு. யாழ்ப்பாணத்தில் ஒன்று, மாத்தறையில் ஒன்று, பதுளையில் ஒன்று என்று சிதறிக் கிடப்பவற்றை ஒரே எண் கூட்டிக்காட்டுகிறது. எத்தனை குழந்தைச் சத்திரசிகிச்சை நிபுணர் வேண்டும் என்று கொழும்பில் முடிவெடுப்பவருக்குத் தெரிவது அந்தக் கூட்டுத்தொகை மட்டும்தான்.

அதனால்தான் ஒன்பது என்ற இலக்கத்தின் மேல் எனக்குக் கோபம். டொக்டர் அவசரத்தில் 'மூக்கில் பிறவிக் குறை' என்று மட்டும் எழுதிவிட்டுப் போனால், பதிவேட்டு அறையில் இருப்பவர் ஊகித்து எழுத விதி இடம் கொடுக்காது. அவர் கியூ 30.9 போடுவார். அவர் பிழை இல்லை. அந்தப் பிள்ளை பின்வாசல் அடைபட்ட பிள்ளையா, மூக்கு வளராத பிள்ளையா என்பது அந்த நிமிடத்தோடு அழிந்துபோகிறது. இன்னொரு சிக்கலும் உண்டு. இந்தக் கணக்கு எண்ணுவது ஆட்களை இல்லை, ஆஸ்பத்திரியை விட்டு வெளியேறியவர்களின் தடவைகளை. ஒரே பிள்ளை மூன்று தடவை அறுவைக்கு வந்தால் மூன்று.

கியூ 30.1இலும் குறை இருக்கிறது. மூக்கே இல்லாத பிள்ளையும், மூக்கெலும்பு கொஞ்சம் குறைந்த பிள்ளையும் ஒரே எண்ணுக்குள் அடைபடுகிறார்கள். முதல் பிள்ளைக்குப் பொஸ்மா சொன்ன நிலை என்றால், முகத்தோற்றத்தைப் பாதிக்கும் நோய்த்தொகுதிகளுக்கான கியூ 87.0, சிறுத்த கண்ணுக்கு கியூ 11.2, பதின்ம வயதில் ஹோர்மோன் குறைக்கு ஈ 23.0 எல்லாம் கூடவே எழுதினால்தான் படம் முழுமையாகும். கியூ 30.1 மட்டும் தனியே நின்றால் கண்ணைப் பார்க்கவேண்டும் என்றோ பருவ வயதில் ஹோர்மோன் பார்க்கவேண்டும் என்றோ அது எவருக்கும் சொல்லாது.

ஸ்கான் தாளோடு பதறிக்கொண்டு வரும் பெண்களுக்கு ஒரு வார்த்தை. பதினொன்று முதல் பதினாலு கிழமைக்குள் எடுக்கும் ஸ்கானில் 'மூக்கெலும்பு தெரியவில்லை' அல்லது 'சிறியது' என்று எழுதியிருந்தால் அது மூக்கில்லாப் பிள்ளை என்று அர்த்தமில்லை. டவுன் நோய்த்தொகுதிக்கான வாய்ப்பைக் கணக்கிட உதவும் குறிப்புகளில் அது ஒன்று. அந்தக் குறிப்புடன் பிறந்து எந்தக் குறையும் இல்லாத பிள்ளைகள் ஏராளம். குறியீட்டு நூலும் இதைச் சரியாகவே பிரித்திருக்கிறது: அது தாயின் ஸ்கான் முடிவு, ஓ 28.3. பிள்ளையின் கியூ அத்தியாயத்துக்குள் அதைக் கொண்டுபோகக் கூடாது.

மூக்கு வளர்ச்சிக் குறையில் தடுக்கக்கூடிய ஒரு காரணமும் உண்டு. அதற்குத் தனிக் குறியீடே இருக்கிறது: கியூ 86.2, வார்ஃபரின் மருந்தால் வரும் தோற்றக்குறை. சின்ன வயதில் வாதக்காய்ச்சல் வந்து இதய வால்வு பழுதாகி, செயற்கை வால்வு வைத்த பெண்களுக்கு இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் கொடுப்பார்கள். அது விற்றமின் கே வேலை செய்வதைத் தடுக்கும் மருந்து. கசியிழையத்தில் சுண்ணாம்பு படியாமல் காக்கும் ஒரு புரதத்துக்கு அதே விற்றமின் வேண்டும். கர்ப்பத்தின் ஆறாம் கிழமைக்கும் பன்னிரண்டாம் கிழமைக்கும் இடையில் மருந்து கருவுக்குப் போனால், மூக்கின் நடுத்தண்டு நேரங்காலமின்றிச் சுண்ணாம்பேறி வளர்ச்சி நின்று, மூக்கு முகத்தோடு அமுங்கிவிடலாம். மருந்தை நீங்களாக நிறுத்தவே கூடாது. வால்வில் இரத்தம் உறைந்தால் தாயின் உயிருக்கே ஆபத்து. பிள்ளை வேண்டும் என்று நினைக்கும்போதே, அதாவது கர்ப்பம் தரிக்குமுன்னரே, இதயக் கிளினிக்கில் சொல்லவேண்டும். மாத்திரையை மாற்றுவதா, ஊசிக்குப் போவதா, அளவைக் குறைப்பதா என்று அவர்கள் பார்ப்பார்கள்.

இல்லாத மூக்கை உண்டாக்கும் வித்தை நம் துணைக்கண்டத்தின் பழைய சரக்கு. 1794 ஒக்ரோபரில் லண்டன் சஞ்சிகை ஒன்றில் ஒரு படம் வந்தது. ஆங்கிலேயப் படையில் மாட்டுவண்டிக்காரராக இருந்த கோவாஸ்ஜி என்பவர் 1792இல் திப்பு சுல்தானின் படையிடம் பிடிபட்டு மூக்கறுபட்டவர். புனாவுக்கு அருகே செங்கல் சூளைக் குலத்தவர் ஒருவர் அவர் முகத்தில் மெழுகால் மூக்கு செய்து, அதைத் தட்டையாக்கி நெற்றியில் வைத்து அளவெடுத்து, அந்த அளவுக்கு நெற்றித் தோலை உரித்து, புருவங்களுக்கு நடுவே ஒரு காம்பு மட்டும் ஒட்டியிருக்கத் திருப்பிக் கீழே இறக்கி மூக்காக்கினார். காம்பு வழியே இரத்தம் ஓடியதால் தோல் உயிரோடு இருந்தது. அதைப் படித்த ஜோசப் கார்ப்யூ 1814இல் லண்டனில் செய்து பார்த்தார். இன்றைக்கும் பிறவியில் மூக்கில்லாதவர்களுக்கு மூக்கு அமைக்கும்போது நெற்றித் தோலே பெரும்பாலும் இறங்குகிறது; உள்ளே தாங்கலுக்கு விலாவின் கசியிழையம். முகம் வளர்ந்து முடியும் வயது வரை பலரும் பொறுப்பார்கள். அதுவரை ஒட்டிக் கழற்றும் செயற்கை மூக்கு போடுவதும் உண்டு. கோவாஸ்ஜி இன்று வந்திருந்தால் எம் 95.0. அதே அறுவை, அதே நெற்றி, வேறு எழுத்து.

தமிழில் இதை என்னவென்று சொல்வது? 1847இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் தமிழிலேயே மேலை மருத்துவம் படிப்பித்த சாமுவேல் கிறீன் உடலின் ஒவ்வொரு துண்டுக்கும் தமிழ்ப்பெயர் தேடினார். 1872இல் வந்த 'மனுஷ அங்காதிபாதம்' அதற்குச் சாட்சி. ஆனால் ரிக்கற்றில் ஆங்கிலம்தான் நிற்கிறது, தாயிடம் தமிழில் சொல்லவேண்டியிருக்கிறது. நம்மிடம் கைவசம் இருக்கும் சொல் மூக்கறை. அது வசவு. ஒரு லோஞ்சில் ஊரே ஏறும் தீவில், ஒட்டிய பட்டப்பெயர் பேரப்பிள்ளை வரைக்கும் போகும். 'பிறவியில் மூக்கு உருவாகாமை' என்று நீட்டியே சொல்லலாம். பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டிலும் அப்படியே எழுதலாம். கியூ 30.1 என்று எழுதினாலும் பரவாயில்லை. அந்த எண்ணைச் சொல்லி எவரும் எவரையும் பள்ளிக்கூட வாசலில் கூப்பிட்டதில்லை.

கடைசியாக ஒன்று. ஆஸ்பத்திரி துண்டு வெட்டும்போது கையில் தரும் டயக்னோசிஸ் கார்ட்டை வாங்காமல் வராதீர்கள். அதில் 'மூக்குக் குறை' என்று மொட்டையாக எழுதியிருந்தால், என்ன குறை என்று விபரமாக எழுதித் தரும்படி கேளுங்கள். கேட்க உரிமை உண்டு. 1990, 91இல் தீவுகளை விட்டு வெளிக்கிட்டவர்களுக்கு உறுதியையும் பிறப்புப் பத்திரத்தையும் பொலித்தீன் பையில் சுற்றிக்கொண்டு ஓடிய பழக்கம் இருக்கிறது. அதே பைக்குள் இந்தக் கார்ட்டையும் வையுங்கள். கொழும்புக்குப் போகும் கூட்டுத்தொகையில் பிள்ளையின் பெயர் இருக்காது. பதின்மூன்று வயதில் ஹோர்மோன் கிளினிக் வாசலில் நிற்கும்போது கேட்கப்போவது அந்தக் கார்ட்டைத்தான்.